கூட ஆடுபவரை எடைபோடுவது எப்படி? எங்கள் ரெய்டு குழுவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இணைய விளையாட்டில், ஜப்பானில் உள்ள டோன்பெரி சர்வரில் ஆடுகிறோம். சிங்கப்பூரில் யீஷுன், உட்லண்ட்ஸ், ஜூரோங் வெஸ்ட் என்று ஆளுக்கொரு மூலை. ஒருவர் மட்டும் ஜொகூர் பாருவிலிருந்து. விளையாட்டின் வாரக் கணக்கு செவ்வாய் மாலை 4 மணிக்குப் புதுப்பிக்கப்படும் என்பதால் செவ்வாய் இரவு ஒன்பது மணிக்கு ரெய்டு (குழுவாகச் சேர்ந்து பெரிய அரக்கனை வீழ்த்தும் சண்டை), மிச்சம் இருந்தால் வியாழன். ஆள் சேர்ப்பது, ஆள் பார்ப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் என் தலையில். புதிதாக வருகிறவர்கள் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன்.

டாங்க், ஹீலர், டிபிஎஸ் என்றால் என்ன? என் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

அரக்கனின் கோபத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு அடி வாங்குகிறவர் டாங்க். அடி வாங்கியவர்களைச் சாகவிடாமல் காப்பவர் ஹீலர். அரக்கனை அடித்துத் தீர்ப்பவர்கள் டிபிஎஸ். எங்கள் விளையாட்டில் சிறு குழு 4 பேர்: ஒரு டாங்க், ஒரு ஹீலர், இரண்டு டிபிஎஸ். ரெய்டுக் குழு 8 பேர்: அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இன்னொரு இணைய விளையாட்டில் சிறு குழு 5 பேர்.

அம்மா இன்னும் விழித்தால் கல்யாண வீட்டைச் சொல்லுங்கள். மண்டப வாசலில் நின்று சம்பந்தி வீட்டார் கோபத்தையெல்லாம் சிரித்தபடி வாங்கிக்கொள்ளும் மாமா, டாங்க். யாருக்குத் தலைவலி, யார் சாப்பிடவில்லை என்று ஓடிக்கொண்டே இருக்கும் அத்தை, ஹீலர். பந்தியில் வேலையை முடிப்பவர்கள் டிபிஎஸ். என் அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்ப நீ அத்தையா?" என்றார். ஆமாம், நான் ஹீலர்.

ஒருவர் ஆடத் தெரிந்தவரா என்று எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கலாம்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சரிதான், ஆனால் உலை கொதித்த பிறகு எடுத்த சோறாக இருக்க வேண்டும். புது அரக்கனிடம் முதல் இரண்டு முறை எல்லோரும்தான் சாகிறோம். அதை வைத்து அரிசி மோசம் என்று சொல்லக் கூடாது. நான் மூன்றாவது, நான்காவது முயற்சியிலிருந்துதான் கவனிக்க ஆரம்பிப்பேன்.

சாவதில் வகை உண்டு. என்ன வரப்போகிறது என்று தெரியாமல் சாவது ஒன்று. தெரிந்தும் கை பிசகிச் சாவது ஒன்று. ஒரே இடத்தில் ஐந்து முறை செத்து, ஐந்து முறையும் வேறு வேறு காரணம் சொல்வது ஒன்று. முதல் இரண்டும் பழக்கத்தில் தீரும். மூன்றாவதற்கு மருந்து இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் என்னிடம் இல்லை.

அதைவிட முக்கியம், மொத்தக் குழுவும் விழுந்து, திரை இருண்டு, மறுபடி நிற்கும் வரையிலான அந்தப் பத்து விநாடி. "சாரி, நான் இடது பக்கம் போயிருக்கணும்" என்று ஒருவர் சொன்னால், தான் எங்கே செத்தோம் என்று அவர் பார்த்திருக்கிறார். "என்ன அடிச்சது எனக்கு?" என்று கேட்டால் அதுவும் நல்லதே, தெரிந்துகொள்ள நினைக்கிறார். "ஹீலர் தூங்குறாங்களா?" என்று ஆரம்பித்தால் மனசுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்வேன். (நான் ஹீலர் என்பதாலும் இருக்கலாம்.)

ஒரு செவ்வாய் இரவு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் சம்மனராகப் புதிதாக வந்திருந்தார். அடிப்பதில் சுமார்தான். பாதிச் சண்டையில் நானும் மற்ற ஹீலரும் ஒரே நேரத்தில் விழுந்தோம். டிபிஎஸ்களில் செத்தவரை எழுப்பத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு, சம்மனர் அதில் ஒருவர். என்னைப் பதறிப்போய் உடனே எழுப்பியிருந்தால் அடுத்து வந்த பேரடியில் மறுபடி செத்திருப்பேன். அவர் அந்த அடி இறங்கும் வரை காத்திருந்து, ஓரமாகப் போய் நின்று, பிறகு எழுப்பினார். "அக்கா, எந்திரிங்க, இப்ப சேஃப்" என்றார் மைக்கில். குரலில் பதற்றமே இல்லை. அந்த ரெய்டில் நாங்கள் தோற்றோம். மறுநாள் அவருக்கு நிரந்தர இடம் கொடுத்தேன்.

எண்கள் இருக்கும்போது கண்ணால் பார்ப்பது எதற்கு?

இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வரும், பெரும்பாலும் எண் நன்றாக இருப்பவரிடமிருந்து.

வார்கிராஃப்ட் லாக்ஸ் போன்ற தளங்கள் சண்டைப் பதிவைப் படித்து, அதே அரக்கனை அதே வகைப் பாத்திரத்தில் வென்ற மற்றவர்களோடு உங்களை ஒப்பிட்டு 100-க்கு இத்தனை என்று சொல்லும். 25-க்குக் கீழே சாம்பல், அப்புறம் பச்சை, 50-இலிருந்து நீலம், 75-இலிருந்து ஊதா, 95-இலிருந்து ஆரஞ்சு, 99 இளஞ்சிவப்பு, 100 தங்கம். கவனிக்க வேண்டிய சொல், 'வென்ற'. தோற்றவர்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே சாம்பல் நிறக்காரரும் அந்த அரக்கனைச் சாய்த்தவர்தான். இதை மறந்துவிட்டுத்தான் பலர் கேலி செய்கிறார்கள்.

இன்னொன்று, அந்த எண் எப்படி வந்தது என்று எண்ணுக்குத் தெரியாது. எல்லோரும் ஓடிப் போய்ச் செய்ய வேண்டிய வேலையை மற்ற ஏழு பேர் தலையில் போட்டுவிட்டு அரக்கனின் முதுகிலேயே நின்று அடித்தவருக்கு ஊதா கிடைக்கும். ஓடிய ஏழு பேருக்குப் பச்சை. தேசிய சேவை செய்தவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: ஐபிபிடி என்ற ராணுவ உடற்தகுதித் தேர்வில் 85 புள்ளியோ அதற்கு மேலோ எடுத்துத் தங்கம் வாங்கியவன் நல்ல ஓட்டக்காரன், சரி. ராத்திரி காட்டில் உன் பொதியில் பாதியைத் தான் தூக்கிக்கொள்வானா என்று அந்தத் தங்கம் சொல்லுமா?

எண்ணை நான் ஒதுக்குவதில்லை. சண்டை நேரத்துக்குள் முடியாமல், அரக்கன் வெறி பிடித்து எல்லோரையும் கொல்கிறது என்றால் அங்கே அடி போதவில்லை. அப்போது எண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஒருவருடைய எண்ணை அவருடைய போன மாத எண்ணோடு ஒப்பிட்டால் நிறையத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் என்ன தெரியும் என்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, அதைக் கேட்டே வளர்ந்தோம்.

ஒரு எச்சரிக்கை: எங்கள் விளையாட்டின் விதிப்படி, இந்த எண்களை எடுத்துத் தரும் வெளிக் கருவிகளுக்கே அனுமதி இல்லை. அந்த எண்ணைச் சொல்லி ஒருவரைச் சாட்டில் குத்திக்காட்டினால், புகார் போய், உங்கள் கணக்குதான் முடங்கும்.

ஹீலரை எப்படி மதிப்பிடுவது? அதிகம் ஹீல் செய்பவர்தானே நல்லவர்?

தலைகீழ். எல்லோரும் நெருப்பில் நின்றால் ஹீல் எண் ஏறும். மருத்துவமனையில் கூட்டம் அதிகம் என்றால் ஊர் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தமா? நல்ல ஹீலர் தேவையான அளவு ஹீல் செய்துவிட்டு மிச்ச நேரம் அரக்கனை அடித்துக்கொண்டிருப்பார். பேரடி வரும் முன்பே கவசம் போட்டுவிடுவார், அதனால் யாருக்கும் எதுவும் ஆகாது, அதனால் அவர் செய்தது யாருக்கும் தெரியாது. டாங்க் தன் தற்காப்பை வரிசையாக, சரியான நேரத்தில் போட்டாலும் இதே கதி. இவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் நடக்காமல் போனதைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

"லேக்" (இணையத் தாமதம்) என்று சொல்பவரை நம்பலாமா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாதிக்கு மேல் அப்படித்தான். சிங்கப்பூரிலிருந்து ஜப்பான் சர்வருக்குத் தரவு போய் வர சுமார் 70 மில்லிவிநாடி ஆகும். எங்கள் விளையாட்டில் ஒரு முக்கிய அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 2.5 விநாடி இருப்பதால் அது பெரிய விஷயமே இல்லை. இரண்டு அடிகளுக்கு நடுவே குட்டி அடிகளைச் செருகும்போதுதான் உறைக்கும். அமெரிக்க சர்வரில் ஆடினால் தாமதம் இருமடங்கு தாண்டும். அங்கே லேக் என்று சொன்னால் கொஞ்சம் நம்புவேன்.

ஆனால் உண்மையான ஒரு குழப்பம் உண்டு, பாவம், புதியவர்கள் பொய் சொல்வதில்லை. "நான் வட்டத்துக்கு வெளியே நின்னேன், ஆனாலும் செத்துட்டேன்" என்பார்கள். அரக்கனின் மந்திரம் எவ்வளவு தயார் என்று திரையில் காட்டும் கோடு நிறைந்து முடியும் கணத்திலேயே நீங்கள் உள்ளேயா வெளியேயா என்று சர்வர் குறித்துக்கொள்கிறது. வெடிக்கும் படம் அதன் பிறகுதான் வரும். படம் வரும்போது நீங்கள் வெளியே நிற்பது உண்மை. கணக்கு முடிந்தபோது உள்ளே இருந்ததும் உண்மை. படத்தைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள். இதைச் சொன்ன அன்றே பாதிப் பேரின் 'லேக்' குணமாகிவிடும்.

உடை, ஆயுதம், பட்டம் இவற்றைப் பார்த்து ஆளைச் சொல்லலாமா?

ஆயுதம் எவ்வளவு நாள் ஆடினார் என்று சொல்லும், எப்படி ஆடினார் என்று சொல்லாது. தலைக்கு மேல் முளை விட்ட செடி அடையாளம் இருந்தால் புதியவர், பொறுமையாக இருங்கள். கிரீடம் இருந்தால் வழிகாட்டி என்று அர்த்தம். கிரீடத்தை நம்பி ஏமாந்த கதைகளை நேரில் சொல்கிறேன்.

சண்டை முடிந்ததும் யாராவது ஒருவருக்குப் பாராட்டு ஓட்டு போடலாம். கூடவே கூட்டி வந்த நண்பருக்குப் போட முடியாது, அந்நியருக்குத்தான். இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த விதிகளில் அது ஒன்று.

அந்தக் காலத்தில் டீம்வொர்க் நன்றாக இருந்ததாமே?

அந்தக் காலம் என்றால் எனக்கு 2005. மேப்பிள்ஸ்டோரி சீ (மேப்பிள்ஸ்டோரி இணைய விளையாட்டின் தென்கிழக்காசியப் பதிப்பு) வந்த ஆண்டு, நான் உயர்நிலை இரண்டு. அதில் கெர்னிங் சிட்டி பார்ட்டி குவெஸ்ட் என்ற குழுப் பணிக்கு நாலு பேர் வேண்டும், லெவல் 21 முதல் 30 வரை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு குழுதான் நுழையலாம். உள்ளே போக வாசலில் மவுஸை உடைக்கிற மாதிரி கிளிக் செய்துகொண்டே இருப்போம்.

உள்ளே, அந்த ஊரின் சாக்கடையில், சில கட்டங்களில் பலமோ ஆயுதமோ உதவாது. நான்கு கயிறுகள் தொங்கும். சரியான மூன்றில் மூன்று பேர் தொங்க வேண்டும். எந்த மூன்று என்று தெரியாது. தலைவர் கீழே நின்று க்ளோட்டோ என்ற பாத்திரத்தைக் கிளிக் செய்து சரியா என்று பார்ப்பார். நான்கு கயிறு என்றால் நாலே வாய்ப்பு. அடுத்த கட்டத்தில் ஐந்து மேடை, பத்து வாய்ப்பு. அதற்கடுத்து ஆறு பீப்பாய், இருபது வாய்ப்பு. 1-2-3, 1-2-4, 1-2-5 என்று வரிசையாக ஒருவர் மட்டும் நகர்ந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் எப்போதும் ஒருவர் இருப்பார். தனக்கு விடை தெரிந்துவிட்டது என்று சொல்லாமல் கொள்ளாமல் வேறு பீப்பாய்க்குத் தாவுவார். எந்தக் கூட்டு முடிந்தது, எது பாக்கி என்று யாருக்கும் தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

ஆக, நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று: பீப்பாய் மேல் அசையாமல் நிற்பதும் ஒரு திறமை என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சாக்கடைதான். பத்தொன்பது முறை 'தவறு' என்று வந்தாலும் தன் முறை வரும் வரை நகராமல் நின்ற ஒரு தோழியோடு இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறேன்.

பெரிய குழுவில் ஆடுவது எளிதா, சிறிய குழுவிலா?

ஒளிந்துகொள்ளப் பெரிய குழு எளிது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வந்தபோது மோல்ட்டன் கோர் ரெய்டுக்கு 40 பேர் வரை போகலாம். பத்துப் பேர் தூங்கினாலும் தேர் நகரும். 2007-இல் அதை 25 ஆக்கினார்கள். 2014 முதல் அங்கே மிகக் கடினமான ரெய்டுக்கு 20 பேர். எங்கள் 8 பேர் ரெய்டில் ஒருவர் தும்மினால் எல்லோருக்கும் சளி பிடிக்கும்.

லீராய் ஜென்கின்ஸ் என்று கேலி செய்கிறார்களே, யார் அது?

2005-இல் பரவிய ஒரு வீடியோவில், குழு உட்கார்ந்து திட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது தன் பெயரையே கத்திக்கொண்டு தனியாக உள்ளே ஓடி எல்லோரையும் சாகடித்தவர். அது ஒத்திகை பார்த்து எடுத்த நாடகம்தான். ஆனால் நிஜத்தில் நான் பத்துப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

கியாசு, வயாங், சாபோ: குழுவில் இந்த மூன்றையும் எப்படி அடையாளம் காண்பது?

கியாசு (எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பதைப்பு) எளிது. தனக்குப் பயன்படாத பொருளுக்கும் 'வேண்டும்' என்று அமுக்குவார். வயாங்குக்கு (வேலை செய்வதாக நடிப்பது) கொஞ்சம் கண் வேண்டும்: குதிப்பார், தரையில் அடையாளம் போடுவார், மைக்கில் ஓயாமல் திட்டம் சொல்வார், அரக்கன் மேல் மட்டும் கை படாது. சாபோ (வேண்டுமென்றே மாட்டிவிடுவது) பெரும்பாலும் ஹீலர்களின் வேலை. ரெஸ்க்யூ என்று ஒரு வித்தை எங்களிடம் இருக்கிறது, யாரையும் நம் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். காப்பாற்றுவதற்காகக் கொடுத்தது. பள்ளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு சிரித்தபடி இழுப்பவர்களும் இருக்கிறார்கள். பிறந்தநாள் அன்று மட்டும் எங்கள் குழுவில் அனுமதி.

ஜப்பானியர்களோடு ஆடும்போது மொழி தெரியாமல் எப்படி?

ஆரம்பத்தில் 'யோரோஷிகு', முடிவில் 'ஓட்சுகாரே'. நடுவே விளையாட்டிலேயே உள்ள தானியங்கி மொழிபெயர்ப்புச் சொற்களை எடுத்துப் போட்டால் அவர்களுக்கு ஜப்பானியத்திலும் நமக்கு ஆங்கிலத்திலும் தெரியும். அவர்கள் சண்டைக்கு முன் ஒரு மேக்ரோ (முன்பே எழுதி வைத்த குறிப்பு) ஒட்டுவார்கள். எம்டி, எஸ்டி என்று இரண்டு டாங்க், எச்1, எச்2 என்று ஹீலர்கள், டி1 முதல் டி4 வரை டிபிஎஸ். யார் எங்கே நிற்க வேண்டும் என்று எட்டுக் குறிகளும் கட்டம் போட்டு இருக்கும். உங்கள் குறியைக் கண்டுபிடித்து அங்கே நின்றால் போதும். ஒரு வார்த்தை பேசாமல் ஜெயித்த ரெய்டுகள் உண்டு.

என்னைவிட இருபது வயது மூத்த அண்ணன் தவறு செய்கிறார். எப்படிச் சொல்வது?

தமிழர்கள் சேர்ந்து ஆடினால் வருகிற சிக்கல் இது. ஆங்கிலத்தில் "மூவ் லா" என்று சொல்லிவிட்டுப் போகலாம். தமிழில் வாயைத் திறந்தாலே நீயா நீங்களா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் குழுவில் சண்டையை வழிநடத்திச் சொல்பவருக்கு 19 வயது. முதல் டாங்க்குக்கு 48, பஸ் கேப்டன் (ஓட்டுநர்). "அண்ணே, கொஞ்சம் மன்னிச்சுக்குங்க, முடிஞ்சா அந்தப் பக்கம்..." என்று தம்பி சொல்லி முடிப்பதற்குள் எட்டுப் பேரும் செத்துவிடுவோம். இரண்டு வாரம் இப்படியே போனது.

தீர்த்து வைத்தவர் அண்ணன்தான். "தம்பி, கன்ட்ரோல் சென்டர்லேர்ந்து கூப்பிட்டா என்னை அண்ணேன்னா கூப்பிடுறாங்க? பஸ் நம்பரைச் சொல்றாங்க. நீ எம்டின்னு கூப்பிடு." அன்றிலிருந்து ஜப்பானிய மேக்ரோவின் குறிகளையே நாங்களும் பேச்சில் வைத்துக்கொண்டோம். "எம்டி வடக்கே. டி3 உள்ளே வா." டி3-க்கு வயது கிடையாது, டி3 யாருக்கும் மருமகனும் கிடையாது. அரக்கன் விழுந்ததும் மறுபடி அண்ணே, அக்கா, தம்பி.

பெரிய தவறு என்றால் எல்லோர் முன்னும் சொல்வதில்லை. தனிச் செய்தியில், மறுநாள், அதுவும் கேள்வியாக: "அண்ணே, அந்த இடத்துல உங்க திரையில என்ன தெரியுது?" பாதி நேரம் அவர் திரையில் உண்மையிலேயே வேறு ஏதோ தெரிந்திருக்கும்.

நான் எவ்வளவு நன்றாக ஆடுகிறேன் என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் மனசைக் கேட்காதீர்கள். 1999-இல் டன்னிங், க்ரூகர் என்ற இரு உளவியலாளர்கள் தருக்கம், இலக்கணம், நகைச்சுவை ஆகியவற்றில் மாணவர்களைச் சோதித்தார்கள். கடைசிக் கால்வாசியில் இருந்தவர்கள் கீழிருந்து எண்ணினால் சராசரியாக 100-க்கு 12-ஆவது இடத்தில் இருந்துகொண்டு, தாங்கள் 62-இல் இருப்பதாக நினைத்தார்கள். இதைப் படித்ததும் உங்கள் குழுவில் இருக்கும் இன்னொருவர் ஞாபகத்துக்கு வந்தால், அதேதான்.

உங்கள் ஆட்டத்தைப் பதிவு செய்து, செத்த இடங்களுக்கு முந்தைய பத்து விநாடிகளை மட்டும் பாருங்கள். நான் முதன்முதலில் பார்த்தபோது காதைப் பொத்திக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் சாவதற்கு முன் "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

என் மகன் உயர்நிலை நான்கு. உங்கள் குழுவில் சேரக் கேட்கிறான்.

ஓ லெவல் பொதுத் தேர்வு ஆண்டில் சேர்ப்பதில்லை. டிசம்பரில் வரச் சொல்லுங்கள்.

நீங்கள் யாரையாவது தப்பாக எடைபோட்டதுண்டா?

ஒரு தம்பி இருந்தார், டி2. எட்டு மாதம் எங்களோடு ஆடினார். எண் எப்போதும் கடைசி. மைக்கில் பேச மாட்டார். அவரை மாற்றலாமா என்று நானும் இன்னொருவரும் தனியாகப் பேசியிருக்கிறோம், வெட்கமாக இருக்கிறது. அதற்குள் அவருக்கு தேசிய சேவைக்கு அழைப்பு வந்து, ராணுவப் பயிற்சித் தீவான தெக்கோங் போய்விட்டார். முதல் இரண்டு வாரம் வெளியே வர முடியாது. அவர் இடத்தில் ஆரஞ்சு நிறக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தோம்.

இரண்டு செவ்வாய் தோற்றோம், ஒரே இடத்தில். அந்த அரக்கன் நான்கு மூலையிலும் வட்டம் போடும், டவர் என்போம். ஒவ்வொன்றிலும் ஒருவர் நிற்காவிட்டால் எல்லோரும் காலி. தொலைவில் உள்ள வட்டத்துக்குப் போகிறவர் அரக்கனை அடிக்க முடியாது, எண் விழும். அது யாருடைய வேலை என்று எங்கள் குறிப்பில் தேடினேன். எழுதவே இல்லை. எட்டு மாதமாக யாரும் சொல்லாமல் அவரே போய் நின்றிருக்கிறார்.

வெளியே வந்த வெள்ளி இரவு, பாசிர் ரிஸிலிருந்து எம்ஆர்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டே டிஸ்கார்டில் எட்டிப் பார்த்தார். மொட்டைத் தலையோடு ஒரு படம் போட்டார். அதன் கீழே ஒரே வரி: "அக்கா, அந்தக் கடைசி டவர்ல இப்ப யார் நிக்கிறா?"